குளிரில் வண்டி ஓட்டும்போது முகத்துணி தரும் தொல்லைகள்: அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டறிதல்

மார்கழி, தை மாதங்களில் உதகைக்கோ கொடைக்கானலுக்கோ இருசக்கர வண்டியில் ஏறுகிறவர்களும், கோடையில் மணாலி வழியாக லே வரை போகிறவர்களும், புறப்படுவதற்கு முன் முகத்தை மூட ஏதேனும் ஒரு துணியை வாங்கிவிடுகிறார்கள். மலை ஏறத் தொடங்கிய அரைமணி நேரத்துக்குள் வைசர், அதாவது தலைக்கவசத்தின் முன்கண்ணாடி, மங்கும், வாய்ப்பகுதி நனையும், நெற்றி வலிக்கும், அல்லது இத்தனை மூடியும் கன்னம் சில்லிடும். அப்போது பெரும்பாலானவர்கள் வந்து சேரும் முடிவு ஒன்றுதான்: துணி போதாது, இதைவிடத் தடிமனான ஒன்றை வாங்கியிருக்க வேண்டும். இந்த முடிவு பெரும்பாலும் தவறானது. வெளியே போக வேண்டிய மூச்சின் ஈரம் உள்ளேயே தங்குவதும், உள்ளே வரக்கூடாத காற்று ஏதோ ஓர் இடைவெளியில் புகுவதுமே இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். தடிமனைக் கூட்டினால் முதலாவது மோசமாகும். இரண்டாவது அப்படியே இருக்கும். ஆகவே புதிதாக வாங்குவதற்கு முன், கையில் இருக்கும் துணி எந்த இடத்தில், எந்த நேரத்தில் தொல்லை தருகிறது என்பதைக் கவனித்துக் காரணத்தைப் பிடிப்பதற்காகவே இந்த வழிமுறை எழுதப்பட்டுள்ளது.

முகத்துணி என்று இங்கே பொதுவாகச் சொல்வது மூன்று வகைகளைக் குறிக்கும். தலை, காது, கழுத்து ஆகியவற்றை மூடிக் கண்களுக்கு மட்டும் திறப்பு விடும் பாலகிளாவா ஒன்று. மூக்கிலிருந்து தாடை வரை மட்டும் மூடிப் பிடரியில் ஒட்டிக்கொள்ளும் அரைமுகமூடி இன்னொன்று. பஃப் என்று கடைகளில் கேட்டு வாங்கும் குழல் துணி மூன்றாவது. உதகையில் தாவரவியல் பூங்காவுக்கு அருகே உள்ள திபெத்தியர் சந்தையில் கிடைக்கும் கம்பளிக் குரங்குக் குல்லா நடந்து திரிவதற்கு அருமையானது. ஆனால் தலைக்கவசத்துக்குள் அணிவதற்கு அது உருவாக்கப்படவில்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம்.

வைசர் மங்குகிறது

இதுதான் மிகவும் ஆபத்தான அறிகுறி. அதிகமானோர் தவறாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். முதலில் எந்தப் பக்கம் மங்கியிருக்கிறது என்று பாருங்கள். குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறைத் தாண்டியதும் மேகம் சாலைக்கு இறங்கிவரும் நாட்களில், நுண்ணிய நீர்த்துளிகள் வைசரின் வெளிப்புறத்தில் படிகின்றன. கையுறையின் விரலால் வெளியே ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு தெளிவாகத் தெரியுமானால், குற்றம் முகத்துணியுடையதன்று. அவ்வப்போது வெளிப்புறத்தைத் துடைத்துக்கொண்டால் போதும். கோடு இழுத்தும் மாற்றம் இல்லையென்றால் ஈரம் உட்புறத்தில் இருக்கிறது, அதாவது அது உங்கள் மூச்சிலிருந்து வந்தது.

வெளிவிடும் மூச்சு ஏறத்தாழ உடலின் வெப்பத்தோடும் நிறைந்த ஈரப்பதத்தோடும் வெளியேறுகிறது. வெளிக்காற்று 8 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது வைசரும் கிட்டத்தட்ட அதே குளிர்ச்சியை அடைந்துவிடுவதால், அதன்மீது மோதும் மூச்சின் ஈரம் அந்தக் கணமே நீர்த்துளிகளாகப் படிகிறது. மூக்கையும் வாயையும் நெருக்கமான துணியால் மூடியிருந்தால் இது குறையும் என்று தோன்றும், நடப்பது நேர்மாறானது. துணி தடிமனாக இருக்கும்போது மூச்சு அதனூடே வெளியேற முடியாமல், தடை குறைந்த வழியைத் தேடுகிறது. மூக்கின் பாலத்துக்கு இருபுறமும் துணி கன்னத்தோடு ஒட்டாமல் நிற்கும் சிறு பள்ளங்களே அந்த வழி. அங்கிருந்து மேல்நோக்கி எழும் மூச்சு நேராகக் கண்களுக்கு முன்னால் போய்ச் சேருகிறது.

இதைச் சோதிப்பது எளிது. வண்டியை நிறுத்திவிட்டு, வைசரை மூடி, மூக்கால் மட்டும் சில முறை மூச்சு விடுங்கள். பிறகு மூக்குப் பாலத்தின் இருபுறமும் துணியை விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பச் செய்யுங்கள். இரண்டாவது முறை மங்குவது கண்கூடாகக் குறைந்தால் கசிவு அந்தப் பள்ளங்களில்தான். மூக்கின்மேல் வளைத்து அழுத்தக்கூடிய மெல்லிய கம்பி தைத்த முகத்துணி இதைத் தீர்க்கும். கம்பி இல்லாத துணியை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு: துணியை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டு, வாயையும் தாடையையும் மட்டும் மூடிக்கொள்வது. மூக்கு வழி விடும் மூச்சு இயல்பாகவே கீழ்நோக்கிச் செல்வதால், தடையில்லாதபோது அது தாடைப் பக்கம் இறங்கி வெளியேறிவிடும். முழுமுகத் தலைக்கவசம் அணிந்தவர்களுக்கு மூக்கின் நுனி சிறிது குளிர்வதைத் தவிர இதில் இழப்பு எதுவும் இல்லை.

அழுத்திப் பிடித்த பிறகும் மங்கினால், காற்றோட்டத்தைப் பாருங்கள். குளிருக்குப் பயந்து தலைக்கவசத்தின் காற்றுத் துளைகள் எல்லாவற்றையும் மூடிவிடுவது நம் வழக்கம். தாடைப் பகுதியில் உள்ள துளை பெரும்பாலான தலைக்கவசங்களில் வைசரின் உட்புறத்தை நோக்கிக் காற்றை அனுப்பும்படி அமைக்கப்பட்டிருக்கிறது; அதை மூடினால் மூச்சின் ஈரத்தைக் கொண்டுபோக ஆளில்லை. உச்சித் துளைகளை மூடிக்கொள்ளுங்கள், தாடைத் துளையைத் திறந்தே வையுங்கள். மூக்குக்கு மேல் பொருந்தும் ரப்பர் மூச்சுத்தடுப்பு உங்கள் தலைக்கவசத்தோடு வந்திருந்தால், அது பெட்டியிலேயே கிடக்காமல் அதன் இடத்தில் இருக்கட்டும்.

இவை எல்லாம் செய்தும், சிக்னலிலும் நெரிசலிலும் நிற்கும்போது மட்டும் மங்குகிறதென்றால், அது துணியால் தீரக்கூடியதன்று. வைசரின் உட்புறத்தில் இரு முளைகளுக்கிடையே பொருத்தப்படும் பின்லாக் போன்ற இரண்டாம் தகடே அதற்கு உரிய தீர்வு. தகட்டைச் சுற்றியுள்ள சிலிக்கோன் விளிம்பு வைசரோடு எல்லாப் பக்கமும் ஒட்டியிருக்கும்போது நடுவில் சிக்கிய காற்று வெப்பத்தைத் தடுத்து, உள்தகட்டைக் குளிரவிடாமல் வைக்கிறது. இரண்டு தகடுகளுக்கு நடுவே ஈரம் படிந்தால் விளிம்பு எங்கோ ஒட்டவில்லை என்று பொருள்; முளைகளைத் திருகி இறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். முளைகள் இல்லாத வைசரில் பாத்திரம் துலக்கும் திரவத்தை ஒரு சொட்டு தடவி, காய்ந்த மெல்லிய துணியால் மெருகேற்றினால் ஒரு காலைப் பயணத்துக்குத் தாங்கும். உட்புறத்தில் ஏற்கெனவே மங்கல் தடுக்கும் பூச்சு உள்ள வைசரில் இதைச் செய்யக் கூடாது, பூச்சு கெட்டுவிடும்.

மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் மேற்சொன்ன கசிவை இருமடங்காக அனுபவிக்கிறார்கள், ஏனென்றால் மேலெழும் மூச்சு வைசருக்கு முன்பே அவர்களுடைய கண்ணாடியைச் சந்திக்கிறது. அவர்களுக்கு மூக்கை மூடாத பாலகிளாவாவே பொருத்தம். நெற்றிப்பொட்டுக்கு அருகே தடித்த தையல் இல்லாத துணியாகவும் பார்த்து வாங்க வேண்டும். தலைக்கவசத்தை மாட்டிய பின் கண்ணாடியின் கால்கள் நுழைய வேண்டிய இடம் அது.

எவ்வளவு மூடினாலும் முகம் குளிர்கிறது

இங்கே காற்றையும் குளிரையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும்போது நாம் கடக்கும் உயரம் சுமார் 1,900 மீட்டர். எனவே கீழே சட்டையோடு நின்று தேநீர் குடித்தவர் மேலே ஏறத்தாழ 12 டிகிரி குறைவான காற்றில் இருப்பார். இதற்குமேல் வேகம் சேர்கிறது. முகத்தின் தோல் எவ்வளவு விரைவாக வெப்பத்தை இழக்கிறது என்பதைக் காற்றுச் சுரங்கத்தில் அளந்து, 2001ஆம் ஆண்டில் கனடாவும் அமெரிக்காவும் ஏற்றுக்கொண்ட கணக்கின்படி, 5 டிகிரிக் காற்றில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் திறந்த முகம் உணர்வது ஏறத்தாழ பூஜ்யத்துக்குக் கீழே 2 டிகிரி. அதே வேகத்தில் 10 டிகிரிக் காற்று 5 டிகிரியாக உணரப்படும்.

இந்தக் கணக்கு காற்று நேரடியாகத் தோலில் மோதும்போது மட்டுமே பொருந்தும் என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. கம்பளிக் குல்லாவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்; பின்னல்களுக்கு நடுவே வெளிச்சம் புள்ளிபுள்ளியாகத் தெரியும். துணியை வாயோடு ஒட்டிவைத்து ஊதி, மறுபக்கம் உள்ளங்கையை வையுங்கள். மூச்சு தடையின்றிக் கையில் பட்டால், 60 கி.மீ. வேகக் காற்றும் அதே எளிமையோடு உள்ளே வரும். கம்பளி தன் இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றைக் கொண்டுதான் வெப்பத்தைக் காக்கிறது. அந்தக் காற்றை வேகக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டால் எத்தனை தடிமனாக இருந்தும் பயனில்லை. திறந்தமுகத் தலைக்கவசம் அணிபவர்களுக்குக் கன்னம், தாடை, கழுத்தின் முன்பகுதி ஆகிய இடங்களில் காற்றுப் புகாத அடுக்கு உள்ள துணி கட்டாயம் வேண்டும். உச்சியிலும் பிடரியிலும் அது தேவையில்லை. அங்கே காற்றுப் புகாத துணி வைத்தால் வியர்வைதான் தேங்கும். நல்ல பாலகிளாவாக்கள் முன்பக்கம் ஒரு துணி, பின்பக்கம் வேறு துணி என்று இரண்டைச் சேர்த்துத் தைக்கப்படுவது இதனால்தான்.

முழுமுகத் தலைக்கவசத்தில் வைசரும் தாடைப்பகுதியும் ஏற்கெனவே காற்றை நிறுத்திவிடுகின்றன. அதற்குள் இருந்தும் முகம் குளிர்ந்தால், காற்று தாடைக்குக் கீழே இருந்து மேலே சுழன்று வருகிறதா என்று பாருங்கள். தலைக்கவசத்தின் தாடைப்பகுதிக்கு அடியில் செருகும் தடுப்புத் துணியோ, தாடை வரை இழுத்துவிட்ட ஒரு குழல் துணியோ அந்தச் சுழற்சியை நிறுத்திவிடும். இந்த நிலையில் புதிய பாலகிளாவா வாங்குவது வீண்செலவு.

உதகைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனத்தில் கொள்ள வேண்டும். தெளிந்த வானம் உள்ள இரவுகளில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவுகளிலிருந்து இறங்கிப் பள்ளங்களில் தேங்குவதால், தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் புல்வெளி வெளுத்து உறைபனி பூத்திருக்கும் அதே காலையில், அவற்றைவிட உயரமான சரிவுகளில் அவ்வளவு குளிர் இருக்காது. மேடு ஏற ஏறத்தான் குளிரும் என்று நினைத்துத் துணியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டுப் பள்ளத்தில் இறங்குகிறவர்கள் அங்கே நடுங்குகிறார்கள்.

வாய்ப்பகுதி நனைந்து சில்லிடுகிறது

புறப்படும்போது கதகதப்பாக இருந்த துணி ஒரு மணி நேரத்தில் வாய்க்கு முன்னால் ஈரமாகிக் குளிரத் தொடங்கினால், துணியின் இழையே காரணம். பருத்தி ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். ஈரமான பருத்தி காற்றில் உலர உலர, தோலின் வெப்பத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். சட்டைத்துணியிலும் பனியன் துணியிலும் தைத்து மலிவாக விற்கப்படும் பாலகிளாவாக்கள் சமவெளியின் வெயிலுக்கும் வியர்வைக்கும் ஏற்றவை, மலைக்குளிருக்கு ஏற்றவை அல்ல. பாலியெஸ்டர் இழை தன் எடையில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான ஈரத்தையே உறிஞ்சுவதால், நனைந்தாலும் விரைவில் உலர்கிறது. மெரினோ என்னும் செம்மறியாட்டு வகையின் மெல்லிழைக் கம்பளி வேறு விதமாக வேலை செய்கிறது: தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கிக்கொண்டும் தோலுக்கு ஈரமாகத் தோன்றாமல் இருக்கும், அந்த நிலையிலும் கதகதப்பைத் தரும். நாள் முழுதும் ஓட்டி, இரவில் துவைத்துக் காயவைக்க வசதியில்லாத நீண்ட பயணங்களுக்கு மெரினோவின் விலை நியாயமானது என்பது என் கருத்து. உதகைக்கு ஒரு வார இறுதியில் போய்வருபவருக்குப் பாலியெஸ்டரும், இழுபட்டு மீளும் லைக்ரா இழையும் கலந்த மெல்லிய துணியே போதும்.

இழை எதுவாக இருந்தாலும், வாய்க்கு நேரே சிறு துளைகளோ வலைத்துணியோ இல்லாத முகமூடியில் நெடுநேரம் மூச்சு விட்டால் அது நனையத்தான் செய்யும். மணாலி–லே வழியில் உள்ள பாரலாச்சா லா போன்ற கணவாய்களில் அந்த ஈரம் துணியின் வெளிப்பக்கத்தில் உறைந்து விறைக்கவும் கூடும். மாற்றுத்துணி ஒன்றைச் சட்டைப்பையில், உடலின் வெப்பம் படும் இடத்தில் வைத்திருந்து, நண்பகலில் மாற்றிக்கொள்வதைவிடச் சிறந்த தீர்வு எதையும் நான் கண்டதில்லை.

தலை வலிக்கிறது

வலி எங்கே இருக்கிறது என்பதை முதலில் விரலால் தொட்டுக் காட்ட முயலுங்கள். நெற்றியின் நடுவிலோ காதுக்கு மேலோ ஒரு புள்ளியைக் குறிப்பாகக் காட்ட முடிந்தால், தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தின் தோலைப் பாருங்கள். சிவந்த கோடோ பள்ளமோ தெரிந்தால் அது துணியின் தையல் பதிந்த தடம். சாதாரணத் தையலில் துணியின் இரு ஓரங்களும் உட்புறம் மடிந்து முண்டாக நிற்கும். தலைக்கவசத்தின் நுரைக்கும் எலும்புக்கும் நடுவில் அந்த முண்டு சிக்கும்போது, அரைமணி நேரத்தில் வலி தொடங்கிவிடும். ஓரங்களை மடிக்காமல் பக்கம்பக்கமாக வைத்துத் தைத்த தட்டைத் தையல் உள்ள துணியை வாங்க வேண்டும். உச்சியில் குறுக்கே தையல் ஓடாமல் பின்பக்கமாக வளைந்து போகும் அமைப்பு இன்னும் நல்லது. கடையில் துணியை உட்புறம் வெளியாகத் திருப்பி, நெற்றியிலும் காதுக்கு மேலும் வரும் தையல்களைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

புள்ளியாக இல்லாமல் தலையைச் சுற்றிப் பட்டை கட்டியதுபோல் வலித்தால், துணியின் தடிமன் தலைக்கவசத்தின் அளவை மாற்றிவிட்டது என்று கொள்ளுங்கள். வெறுந்தலைக்குச் சரியாகப் பொருந்தும் தலைக்கவசத்துக்குள் ஃபிளீஸ் என்னும் பஞ்சுபோன்ற தடித்த துணியையோ குரங்குக் குல்லாவையோ திணித்தால், தலைக்கவசம் முழுவதாக இறங்காமல் மேலே நின்றுவிடும். அதன் முன்விளிம்பு புருவத்துக்கு மேல் ஓரிரு விரற்கடை அளவில் இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் விபத்தின்போது நெற்றி பாதுகாப்பின்றி இருக்கும். இதற்குத் தீர்வாக ஒரு அளவு பெரிய தலைக்கவசத்தை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். துணியில்லாமல் ஓட்டும் நாட்களில் அந்தத் தலைக்கவசம் தளர்ந்து சுழலும், தலைக்கவசங்களுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 4151 முத்திரையோ ஐரோப்பியச் சான்றோ எது இருந்தாலும், தலையில் நில்லாத கவசம் காப்பாற்றாது. தலைக்கவசத்தைத் தலைக்கு ஏற்ப வாங்குங்கள், அதற்குள் நுழையும் மெல்லிய பாலகிளாவாவைத் தேர்ந்தெடுங்கள். துணியை அணிந்தபின் தாடைவாரை மாட்டி, தாடைப்பகுதியைப் பிடித்து இடவலமாக அசைத்தால் கன்னத்தின் தோலும் கூடவே அசைய வேண்டும். துணியின்மேல் தலைக்கவசம் வழுக்கி நகர்ந்தால் அந்தத் துணி பொருந்தாது. வழவழப்பான பட்டுத்துணியில் இந்தக் குறை அடிக்கடி தென்படுகிறது.

மூன்றாவது வகைத் தலைவலி ஒன்று உண்டு. அதைத் துணியின் தலையில் சுமத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். லேக்கு அருகே உள்ள கர்துங் லா கணவாயின் உயரமான ஏறத்தாழ 5,360 மீட்டரில் அது பாதியளவுக்கு இறங்கிவிடுகிறது. 2,500 மீட்டருக்கு மேல் தொடங்கும் தலைவலி, தலைக்கவசத்தையும் துணியையும் கழற்றிக் கால்மணி நேரம் ஆன பின்னும் குறையாமல், குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், காரணமில்லாத அசதி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றோடு சேர்ந்து வந்தால், அதை உயர்மலை நோயாகவே கருத வேண்டும். மேற்கொண்டு ஏறக் கூடாது. அறிகுறிகள் கூடினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ உடனே கீழே இறங்கி மருத்துவரிடம் போக வேண்டும். உடன் வருபவர் முகத்தை முழுவதும் மூடியிருப்பதால் அவருடைய உதட்டின் நீலம் பூத்த நிறமோ முகவாட்டமோ நமக்குத் தெரியாமல் போய்விடுகிறது. ஆகவே ஒவ்வொரு நிறுத்தத்திலும் துணியை இறக்கி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம்.

மூச்சு முட்டுகிறது

வாயை மூடிய துணியினூடே குளிர்காற்று உள்ளே வரும்போது, முந்தைய மூச்சு துணியில் விட்டுச்சென்ற வெப்பத்தையும் ஈரத்தையும் வாங்கிக்கொண்டு வருகிறது. குளிர்காற்றால் இருமலோ இழுப்போ தூண்டப்படுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் துணி நனைந்து துளைகள் அடைபட்ட பின், அல்லது துளையே இல்லாத நியோபிரீன் (ரப்பர் போன்ற பொருள்) முகமூடியில், ஒவ்வொரு மூச்சுக்கும் உழைக்க வேண்டியிருக்கும். சமவெளியில் பொறுத்துக்கொள்ளக்கூடிய இந்தத் தடை, காற்று மெலிந்த உயரத்தில் பொறுக்க முடியாததாகிறது. வாங்கும்போதே துணியை அணிந்து மாடிப்படி ஏறிப் பார்த்தால் தெரிந்துவிடும். மலையில் இந்தத் தொல்லை வந்தால் தயங்காமல் துணியைத் தாடைக்குக் கீழே இறக்கிவிடுங்கள். தலைக்கவசத்தைக் கழற்றாமலே கீழ்ப்பகுதியை மட்டும் இழுத்துவிடக்கூடிய, கன்னத்தில் மடிப்பு வைத்துத் தைத்த பாலகிளாவாவைப் பரிந்துரைப்பதற்கு இது முதல் காரணம். தேநீர் குடிக்கவும், பெட்ரோல் பங்கிலும் சோதனைச் சாவடியிலும் முகத்தைக் காட்டவும் அது வசதியாக இருப்பது கூடுதல் நன்மை.

கழுத்து வழியே காற்று இறங்குகிறது

பாலகிளாவாவின் கழுத்துப்பகுதி குட்டையாக இருந்தால், தலையைத் திருப்பும்போதெல்லாம் அது சட்டையின் கழுத்திலிருந்து வெளியே வந்துவிடும். தோள்பட்டையும் மேல்மார்பும் மூடும்படி அகன்று இறங்கும் துணியை அணிந்து, அதன்மேல் ஜாக்கெட்டின் சிப்பை மூட வேண்டும். துணி எப்போதும் ஜாக்கெட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும். வெளியே விட்டால் மழைநீரும் அதன் வழியே உள்ளே இறங்கும். நீண்ட தலைமுடியைப் பிடரியில் கொண்டை போடும் பெண்களுக்குத் துணி பின்னால் தூக்கிக்கொண்டு முன்கழுத்து திறந்துவிடுகிறது. முடியைத் தாழ்வாகப் பின்னி ஜாக்கெட்டுக்குள் விடுவதும், தனியாக ஒரு குழல் துணியை அணிவதும் நல்லது. தாடைவாரை மாட்டும்போது துணியின் மடிப்பு பக்கிளுக்குள் சிக்காமல் பாருங்கள். சிக்கிய பக்கிள் பூட்டியதுபோல் தோன்றினாலும் முழுமையாகப் பூட்டியிருக்காது. வாரை ஒருமுறை வலுவாக இழுத்துப் பார்த்துவிட்டே புறப்பட வேண்டும்.

கண்திறப்பு நகர்ந்து பார்வையை மறைக்கிறது

பின்னால் வரும் வண்டியைப் பார்க்கத் தோளுக்கு மேலே திரும்பும்போது, துணி தலையோடு சேர்ந்து திரும்பாமல் ஜாக்கெட்டுக்குள் பிடிபட்டு நின்றால், கண்திறப்பின் ஓரம் ஒரு கண்ணை மறைத்துவிடும். கொண்டை ஊசி வளைவில் இப்படி நேர்வது எத்தகையது என்று விளக்கத் தேவையில்லை. அணிந்ததும் தலையை இரு பக்கமும் முழுவதாகத் திருப்பிப் பாருங்கள். மறைத்தால் கழுத்துப் பகுதியைச் சற்று மேலே இழுத்துத் தளர்வு கொடுங்கள். அதன் பிறகும் மறைத்தால் அந்தத் துணியை வண்டிக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவிடுங்கள். பழைய துணி மூக்கிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தால் லைக்ரா தன் இழுவையை இழந்துவிட்டது என்று பொருள். வெந்நீரில் துவைப்பதும் வெயிலில் வாட்டுவதும் அதை விரைவுபடுத்துகின்றன.

அரிப்பு, பரு, நாற்றம்

கம்பளி குத்துகிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் தடித்த இழைக் கம்பளியையே அணிந்திருக்கிறார்கள். 19 மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மெல்லிய மெரினோ இழை பெரும்பாலானவர்களுக்குக் குத்துவதில்லை. தாடையிலும் நெற்றி ஓரத்திலும் பரு வந்தால், ஈரமும் உராய்வும் சேர்ந்ததே காரணம்; ஒவ்வொரு நாளும் துவைத்த துணியை அணிவதே மருந்து. மென்சோப்பில் குளிர்ந்த நீரில் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். துணியை மென்மையாக்கும் திரவங்களைச் சேர்க்க வேண்டாம். அவை இழைகளின்மேல் படிந்து ஈரத்தைக் கடத்தும் தன்மையைக் கெடுக்கின்றன.

புழுதியும் புகையும் உள்ளே வருகின்றன

மணாலி–லே சாலையில் உள்ள மோரே சமவெளியின் புழுதியையோ லாரிகளின் பின்னால் எழும் மண்ணையோ குழல் துணி ஓரளவு தடுக்கும். புகையின் நுண்துகள்களைத் தடுக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதற்கு என்95 தரத்தில் உள்ள முகமூடி, முகத்தோடு ஒட்டியபடி, பாலகிளாவாவுக்கு உள்ளே அணியப்பட வேண்டும். தாடி வைத்திருப்பவர்களுக்கு அது முழுமையாக ஒட்டாது.

முகம் மரத்துப் போகிறது

இந்த ஒன்றுக்கு மட்டும், துணியைச் சரிசெய்துகொண்டே ஓட்டலாம் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். மூக்கு நுனி, கன்னமேடு, காதுமடல் ஆகியவை முதலில் வலித்து, பிறகு வலி நின்று உணர்வற்றுப் போனால், தோல் வெளுத்தோ சாம்பல் நிறம் கொண்டோ தெரிந்தால், அது பனிக்கடியின் தொடக்கம். நம் தென்னக மலைகளில் இது நேர்வது அரிது. குளிர்காலத்தில் லடாக்கில் ஓட்டுகிறவர்களுக்கு இது தொலைவில் இருக்கும் ஆபத்தன்று. காற்று மறைந்த இடத்தில் வண்டியை நிறுத்துங்கள், நனைந்த துணியைக் கழற்றுங்கள், கையுறையைக் கழற்றி வெறும் உள்ளங்கையால் அந்த இடத்தைப் பொத்திப் பிடியுங்கள். தேய்க்கக் கூடாது, பனிக்கட்டியால் உரசவும் கூடாது, வண்டியின் புகைக்குழாய்க்கோ அடுப்பு நெருப்புக்கோ முகத்தைக் காட்டக் கூடாது; உணர்வில்லாத தோல் வெந்துபோவதை நம்மால் அறிய முடியாது. சிறிது நேரத்தில் உணர்வும் நிறமும் திரும்பினால் உலர்ந்த துணியை அணிந்துகொண்டு அருகில் உள்ள ஊர் வரை மெதுவாகப் போகலாம். திரும்பவில்லையென்றாலோ, கொப்புளம் எழுந்தாலோ, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு மூடிய வாகனம் ஒன்றில் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.